கோயில் கிடாரத்துப் பள்ளிக்கூடக் கஞ்சி

என் வயதுக்காரர்களே, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தந்த சாப்பாட்டை வீட்டுக் குசினியில் சமைத்துப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் சமைத்துப் பார்த்தேன். பென்சன் எடுத்து வீட்டோடு இருக்கத் தொடங்கிய வருடம் இந்த விசர் பிடித்தது. பணிஸும் பாலும் கிடைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். விசுக்கோத்துக் கிடைத்தவர்களும் இருப்பீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு வருடம், அதுவும் முழு வருடமில்லை, கஞ்சி தந்தார்கள். குறுணல் அரிசியில் பயறும் முருங்கையிலையும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. சில நாளில் அதற்குள் மரவள்ளிக்கிழங்குத் துண்டு கிடக்கும், சில நாளில் பூசணிக்காய். அதற்குப் பிறகு எத்தனையோ கலியாண வீடுகளில், எத்தனையோ ஊர்களில் சாப்பிட்டாயிற்று. வாய் கேட்பது அந்தக் கஞ்சியைத்தான்.

கிளிநொச்சிச் சந்தையில் குறுணல் இருக்கிறதா என்று விசாரித்தபோது கடைக்காரர், "கோழிக்கோ அம்மா?" என்றார். எதற்குக் கதையை வளர்ப்பான் என்று ஓம் போட்டு வாங்கி வந்தேன்.

முதல் தரம் காஸ் அடுப்பில் காய்ச்சினேன். மருமகள் பக்கத்தில் நின்று, மாமி கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடுவமோ, கொஞ்சம் உள்ளி போடுவமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு கோப்பை குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்?" என்றார். நல்லாகத்தான் இருந்தது. அதுதான் பிழை. அந்தக் கஞ்சி இவ்வளவு வெள்ளையாக, இவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை. அடுத்த தரம் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் காய்ச்சினேன். புகை வாசம் வந்தது, மற்றது வரவில்லை. அதற்கடுத்த தரம் தேங்காய்ப்பாலின் கட்டிப் பாலை விட்டுவிட்டுக் கடைசிப் பாலை மட்டும் ஊற்றினேன். கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது.

மாங்குளத்தில் இருக்கிற என் சிநேகிதிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அடிப்பிடித்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அடிப்பிடிக்க வேணுமடி. அது இல்லாமல் எப்பிடி வரும்?" என்றாள். அடுத்த நாள் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டேன். அந்தச் சட்டியைத் தேய்க்க மருமகள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு கொஞ்ச நாளைக்கு இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது.

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறியவர்கள். காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, வயல் எடுத்தவர்கள். நான் நாலாம் வகுப்புப் படித்த காலத்தில் ஒரு மாரி பொய்த்தது. ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை கார்த்திகையிலும் வரவில்லை, மார்கழியில் இரண்டு தூறலோடு போய்விட்டது. விதைத்த நெல் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்று காய்ந்தது. குளத்தின் நடுவில் மாடுகள் நடந்து போகும். வெடித்த சேற்றுக்குள் நாங்கள் கால் விட்டு விளையாடுவோம், கணுக்கால் வரைக்கும் போகும். பிறகு சோளகக் காற்று எழும்பியது. வாய்க்குள்ளும் காதுக்குள்ளும் கண் மடலுக்குள்ளும் செம்மண்.

வீட்டில் காலையில் தேத்தண்ணீர், சீனி இல்லாமல். மத்தியானம் ஒன்றுமில்லை. பின்னேரம் அம்மா மரவள்ளியோ குரக்கனோ ஏதாவது செய்வார். அப்பா எங்களோடு இருந்து சாப்பிட மாட்டார். வயல் வரம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போவார். காய்ந்து போன வயலின் வரம்பில் பார்க்க என்ன இருந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை. அப்பாவுக்குச் சாப்பாட்டில் விருப்பமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் நிற்கும்போது பிள்ளைகள் விழத் தொடங்கினார்கள். என் வாங்குச் சிநேகிதியும் ஒருநாள் விழுந்தாள். தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது என் தோளில் சாய்ந்தாள், விளையாடுகிறாள் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அப்படியே மண்ணில் போய்க் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் கிடத்தி முகத்துக்குத் தண்ணீர் தெளித்தவர் அந்த மாதம்தான் வந்திருந்த புது ரீச்சர். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் அவருடைய ஊர். தகப்பன் கடல் தொழில். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை தொங்கும். வயது அதிகம் இராது, எங்கள் மூத்த அக்காமாரின் வயதுதான் இருக்கும். வாய்க்காலோரம் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவர் சிநேகிதியிடம் கேட்டது எனக்கும் கேட்டது. சிநேகிதி பதில் சொல்லவில்லை. ரீச்சர் திரும்பி என்னைக் கேட்டார். நானும் சொல்லவில்லை.

அடுத்த சனி, ஞாயிறு அவர் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை பஸ்ஸில் இரண்டு சாக்குத் தேங்காயோடு வந்து இறங்கினார். பரந்தன் பக்கத்து அரிசி மில்லில் போய்க் கேட்டு, புடைத்து ஒதுக்கிய குறுணலை வாங்கி வந்தார். பெரிய வாத்தியார், எங்கள் தலைமை ஆசிரியர், நல்ல மனுஷன். ஆனால் தன் நிழலுக்கே பயந்தவர். மேலிடத்தில் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டலாமா என்று கையைப் பிசைந்தாராம். கடைசியில் ரீச்சரின் தொல்லை தாங்காமல் பின் பக்கத்துக் கொட்டிலைக் கொடுத்தார். காய்ச்சப் பாத்திரம் இல்லை. பிள்ளையார் கோயிலில் அன்னதானத்துக்கு வைத்திருந்த பித்தளைக் கிடாரத்தைப் பூசை செய்கிற ஐயரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவரும் பெரிய வாத்தியார்தான்.

ரீச்சர் பிள்ளைகளிடம் சொன்னது இவ்வளவுதான்: ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டு வாங்கோ, கையில் அகப்படுகிற ஏதாவது ஒன்றையும் கொண்டு வாங்கோ. ஒரு பிடி முருங்கையிலை, இரண்டு சுள்ளி, ஒரு வெங்காயம், எதுவென்றாலும் சரி. ஒன்றுமில்லாத பிள்ளை கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினால் போதும். சிரட்டைகளை உடைந்த போத்தல் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கப் பழக்கினார். பெடியள் அடியில் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கீறினார்கள். அப்படித் தேய்த்த சிரட்டை கறுப்புப் பளிங்கு மாதிரி மினுங்கும். எங்கள் கையிலிருந்து தொலைந்த எத்தனையோ சாமான்களில் அந்தச் சிரட்டைக்காக நான் வருந்துகிற அளவுக்கு வேறெதற்கும் வருந்தியதில்லை.

மூன்றாம் பாடம் நடக்கும்போதே வாசம் வரத் தொடங்கும். முதலில் புகை. பிறகு பயறு அவிகிற மணம். பிறகு முருங்கையிலையின் பச்சை வாசம். அதற்குப் பிறகு வாய்ப்பாடு யாருக்கு ஏறும்? மணி அடித்ததும் பிள்ளைகள் கொட்டிலுக்கு முன்னால் வட்டமாக இருப்பார்கள். ரீச்சர் அகப்பையோடு ஒவ்வொருவரிடமும் குனிந்து குனிந்து ஊற்றி முடித்துவிட்டு நிமிர்ந்து, "எல்லாருக்கும் வந்திட்டுதோ?" என்று கேட்பார். எல்லோரும் சேர்ந்து ஓம் ரீச்சர் என்ற பிறகுதான் சிரட்டையை வாயில் வைக்கலாம். வேறு செபம், மந்திரம் ஒன்றும் கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் பார்த்துக்கொண்டிருந்தபடியால். குடித்ததால் இல்லை.

வேதக்காரி ஒருத்தி பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி மெதுவாக வேதத்துக்கு இழுக்கப் போகிறாள் என்ற கதை ஒரு கிழமைக்குள் குடியேற்றத் திட்டம் முழுக்கப் பரவிவிட்டது. சாப்பிட முன்னம் சிலுவை அடையாளம் போடச் சொல்கிறாவாம், கஞ்சிக்குள் கருவாட்டுத் தண்ணீர் விடுகிறாவாம் என்றெல்லாம் கதைத்தார்கள். எங்கள் அப்பா கோயில் சபையில் இருந்தவர். கோயில் சாமான்கள் அவருடைய பொறுப்பு. மாமிசம் தொடாதவர். தன்னிடம் கேட்காமல் கோயில் கிடாரம் போன கதை காதில் விழுந்ததும் அவர் முகம் கறுத்துப் போனது. அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, பட்டினி கிடந்தாலும் அங்கே கை நீட்டக் கூடாது என்றார். அவர் எங்களை அடிக்கிறவர் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு மறுபேச்சு இல்லை.

என்னைப் போல வீட்டில் தடுத்திருந்த பிள்ளைகள் இன்னும் சிலர் இருந்தார்கள். மணி அடித்ததும் நாங்கள் வேலியோரம் நின்ற பாலைமரத்துக்குக் கீழே போய் இருப்போம். பாலைப்பழம் விழுகிற காலத்தில் அதைப் பொறுக்கித் தின்போம். உதடு இரண்டும் பால் பட்டு ஒட்டிக்கொள்ளும். பழம் இல்லாத நாளில் சும்மா இருப்போம். ரீச்சர் எங்களை ஒருநாளும் கூப்பிட்டு வற்புறுத்தியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பி எங்கள் பக்கமும் ஒருதரம் பார்ப்பார். நாங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் வழக்கம் போல ஊற்றி முடித்து நிமிர்ந்து, "எல்லாருக்கும் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முதல் நாள் இரவு வீட்டில் ஒன்றும் சமைக்கவில்லை, அது ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள் ஓம் சொல்ல வாய் திறக்கு முன்னம் நான் சொல்லிவிட்டேன்:

"இல்லை ரீச்சர். எங்களுக்கு வரேல்லை."

சிரட்டைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. வட்டத்தில் இருந்த என் சிநேகிதி எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக் கண்ணைக் காட்டினாள். திரும்பினேன். பள்ளிக்கூட வாசல் படலையடியில் பக்கத்து வளவுக்காரரின் மாட்டுவண்டில் நின்றது. வண்டிலிலிருந்து இறங்கி அப்பா நின்றார்.

கிடாரத்தைத் திருப்பி எடுத்துப் போக வந்திருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டது. கேட்டது என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பெரிய வாத்தியார் தன் அறைக்குள் போய் அலுமாரியில் எதையோ தேடத் தொடங்கினார். ரீச்சர் மட்டும் அகப்பையும் கையுமாக நின்றார்.

"இந்தக் கிடாரம் கோயிலின்ரை, ரீச்சர். கொண்டு போக வந்தனான்."

"ஓம் ஐயா, கோயிலின்ரைதான். கொண்டு போங்கோ. ஆனா அடியிலை இன்னும் கஞ்சி கிடக்கு. அதை எங்கை ஊத்திறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவர் குரலில் கோபமில்லை, பணிவும் இல்லை. வழி கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அப்பா போய்க் கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பாலைமரத்தடியில் இருந்த எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியாக என்னைப் பார்த்தார். அவர் மறுபக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளையள், அங்கை இருந்து என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? வந்து கெதியாக் குடியுங்கோ. கிடாரம் வெறுமையானாத்தானே நான் கொண்டு போகலாம்."

எங்களிடம் சிரட்டை இல்லை. என் சிநேகிதி தன் கஞ்சியை மளமளவென்று குடித்து முடித்துச் சிரட்டையை என்னிடம் நீட்டினாள். ரீச்சர் அடியிலிருந்து வழித்து ஊற்றினார். அந்த முதல் வாயைப் பற்றி எத்தனை தரம் சொன்னாலும் என் மருமகளுக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும். நாக்குச் சுட்டது. புகை, அடிப்பிடித்த கசப்பு, முருங்கையிலையின் இலேசான கசப்பு, பயறு வாயில் மாவாகக் கரைந்தது, கடைசியில் தேங்காய்ப்பாலின் ஒரு சின்ன இனிப்பு. கருவாடு மணக்கிறதா என்று மோந்து பார்க்க நினைத்திருந்தேன். அதற்கு நேரம் இருக்கவில்லை, சிரட்டை வெறுமையாகிவிட்டது.

அப்பாவுக்கும் ஒரு வாய் தரவா என்று ரீச்சர் கேட்டார். "நான் சாப்பிட்டுத்தான் வந்தனான்" என்றார் அப்பா. அது பொய். அந்த மாதங்களில் பல நாள் பின்னேரத்திலும் அவர் ஒன்றும் வாயில் வைத்ததில்லை என்று அம்மா பல வருடங்களுக்குப் பிறகு, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு சொன்னார். வரம்பு பார்க்கப் போனது வயிற்றை மறைக்கத்தான்.

கிடாரத்தைக் கழுவி வைத்தாயிற்று. அப்பா அதைச் சுற்றி நடந்து பார்த்தார். ஈரத்தோடு ஏற்ற ஏலாது, காயட்டும், நாளைக்கு வந்து எடுக்கிறேன் என்றுவிட்டு வெறும் வண்டிலோடு போனார்.

அடுத்த நாள் வந்தார். வண்டிலை வெறுமையாகக் கொண்டு வருவான் ஏன் என்று காட்டில் விழுந்து கிடந்த பட்ட விறகை வெட்டி நிறைய ஏற்றி வந்திருந்தார். இறக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கும் கிடாரத்தில் கஞ்சி கிடந்ததால், நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிப் போனார். அதற்கடுத்த முறையும் அதே கதைதான். சோளகம் முடிந்து மழை வரும் வரைக்கும் அப்பா அந்தக் கிடாரத்தை நாளைக்கு நாளைக்கு என்று எடுக்க வந்துகொண்டே இருந்தார். காற்று அடுப்பை அணைக்கிறது என்று மண் குழைத்து மறைப்புக் கட்டினார். கொட்டிலுக்குப் புதுக் கிடுகு போட்டார். ரீச்சரைப் பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார். எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாப்பிடலாம் என்றும் சொல்லவில்லை, சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டில் அம்மா ஒரு சிரட்டையைச் சுரண்டி என் புத்தகங்களோடு வைத்துவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. பாயும் தண்ணீரில் நனைந்துகொண்டு ஆட்கள் கூத்தாடியதைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். வயல் விதைத்தார்கள். தையில் புது அரிசி வீட்டுக்கு வந்தது. கஞ்சி தேவையில்லாமல் போய்விட்டது. அப்பா கடைசியாகக் கிடாரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வண்டிலில் ஏற்றிப் போனார்.

அதோடு கதை முடிந்திருந்தால் நல்லது. ஆனால் கிடாரம் போன கோபத்தில், அந்த வண்டில் பயணத்துக்கு முன்னமே, ரீச்சரை மாற்றச் சொல்லிக் கல்விக் கந்தோருக்கு ஒரு மனுப் போயிருந்தது. அதை எழுதிப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியது அப்பாதான். அனுப்பியதை அவர் மறந்தேவிட்டார். கந்தோர் மறக்கவில்லை. வயல் பச்சையாக நின்ற நேரத்தில் ரீச்சருக்கு மாற்றம் வந்தது. அப்பா பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய் இந்த மாற்றம் வேண்டாம் என்று இன்னொரு மனுக் கொடுத்தார். முந்தி வேண்டாம் என்றீர்கள், இப்போது வேண்டும் என்கிறீர்கள், கந்தோர் என்ன உங்கள் வீட்டு வாசலா என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். திரும்பி வந்து கிணற்றடியில் வெகுநேரம் இருந்தார். மண்வெட்டி பிடித்த அந்த மனுஷன் அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ரீச்சர் போன அன்று அவருடைய றங்குப் பெட்டியை அப்பா சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா சொன்னார்:

"பிள்ளை, அந்த மனுவிலை முதல் கையெழுத்து என்ரை."

"தெரியும் ஐயா. பெரிய வாத்தியார் அப்பவே சொன்னவர். நீங்கள் விறகு கொண்டு வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்."

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். "பிறகேன் ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா வெக்கத்திலை விறகு கொண்டு வராமல் விட்டிருப்பியள்," என்றார் ரீச்சர். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. பஸ் வந்தது. பெட்டியைத் தானே மேலே ஏற்றிக் கட்டினார். பஸ் போன பிறகும் அந்தச் சந்தியில் நின்றோம். அதற்குப் பிறகு கோயில் கிடாரத்தை இரவல் கேட்டு எவர் வந்தாலும் எந்தச் சமயம், எந்த வீடு என்று அப்பா கேட்டதில்லை. பக்கத்து ஊர் மாதா கோயில் திருநாளுக்கே இரண்டு தரம் போய் வந்தது. சபையில் சிலர் முணுமுணுத்தார்கள், அவர் சாமான் அறைச் சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு வந்த காலம் உங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்து இடம்பெயர்ந்தோம். கடைசி இடப்பெயர்வுக்கு முன்னமே அப்பா கண்ணை மூடிவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை, கிடாரமும் இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது நல்ல மாடிக் கட்டடம் நிற்கிறது. அங்கே படிக்கிற என் பேத்திக்கும் மத்தியானம் சோறு கொடுக்கிறார்கள். பருப்பும் கீரையும் என்று அவள் முகத்தைச் சுளிப்பாள். அந்தச் சுளிப்பைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பசிக்கிற பிள்ளை அப்படிச் சுளிக்க மாட்டாள்.

போன வருடம் என் சிநேகிதி போன் எடுத்தாள். அவளுடைய மகன் முல்லைத்தீவில் வேலை செய்கிறான். கடற்கரைப் பக்கத்தில் வயதான ஒரு ரீச்சர் இருக்கிறா, உங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவவாம் என்று வந்து சொல்லியிருக்கிறான். அவர்தான். கலியாணம் கட்டவில்லை. தங்கையின் மகளோடு இருக்கிறார். நாங்கள் அவரைத் தேடாமல் இருந்தோமே என்று இரண்டு பேரும் போனிலேயே அழுதோம். அவரும் எங்களைப் போலத்தானே எல்லாவற்றையும் தாண்டி வந்திருப்பார், உயிரோடு இருப்பார் என்று நினைக்க எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை.

ரீச்சரைப் பார்க்கப் போவதற்கு முதல் நாளே சிநேகிதி வந்து என் வீட்டில் தங்கினாள். விடிய எழும்பி முற்றத்து அடுப்பில் இரண்டு பேரும் கஞ்சி காய்ச்சினோம். அடிப்பிடிக்க விடு என்று அவள், போதும் எடு என்று நான். பெரிய பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறினோம். வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

வீட்டு முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. ரீச்சர் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். முழங்கால் வருத்தம், எழும்ப ஏலாது. தலை முழுக்க வெள்ளை. எங்களைப் பார்த்து, ஆர் பிள்ளையள் என்று கேட்டார். சிநேகிதி, காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளை என்றாள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அப்பா இப்போது இல்லை என்றதும், எப்போது போனார், நோயில் கிடந்தாரா, யார் பார்த்தது என்று எல்லாம் விசாரித்தார்.

பிறகு நான் பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். "ரீச்சர், இது நீங்கள் காய்ச்சின கஞ்சி. எவ்வளவோ தரம் காய்ச்சிப் பாத்திட்டன், அந்த ருசி வருகுதில்லை. எதிலை பிழை எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

ரீச்சர் கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இதை என்னட்டைக் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? நான் அதைக் குடிச்சதில்லையே."

நாங்கள் இரண்டு பேரும் விளங்காமல் நின்றோம்.

"உப்புப் பாக்க உள்ளங்கையிலை ரண்டு சொட்டு விட்டு நக்குவன், அவ்வளவுதான். மிச்சம் கிடந்தா ஆராவது ஒரு பிள்ளை ரண்டாந்தரம் வந்து நிக்கும். பிறகு என்னெண்டு குடிக்கிறது?"

சாதாரணமாகத்தான் சொன்னார். சிநேகிதி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மாதங்கள் முழுக்க அவர் அகப்பையோடு குனிந்து நிமிர்ந்ததை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். அவர் எப்போது சாப்பிட்டார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ரீச்சர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"உப்புக் காணாது," என்றார். "அது மட்டும் எனக்குத் தெரியும்."

உள்ளே நின்ற தங்கை மகள், பெரியம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். இன்றைக்கு ஒருநாள் என்று ரீச்சர் கையை நீட்டினார். அவள் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி மறுபடி குடித்தார். அவசரமில்லாமல், நடுவில் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். பயறு அகப்பட்டபோது மென்றார்.

கோப்பை வெறுமையானதும் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கிடக்கோ?"

பிளாஸ்கைக் கவிழ்த்து இருந்த முழுவதையும் ஊற்றினேன். ரீச்சர் தானே உப்புப் போட்டுக்கொண்டார். நாங்கள் வேப்பமரத்து மண்ணில் அவருடைய காலடியில் இருந்து, அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.